பேச்சு மட்டும் தெளிவில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே கதை. படத்தில் கார் போனால் கூடத்துக்குள்ளேயே கார் போகிறது. கதவு சாத்தினால் நெஞ்சில் வந்து சாத்துகிறது. ஆள் வாயைத் திறந்தால் மட்டும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பேச்சு புரியவில்லை என்றுதானே டிவி சத்தத்தைப் பிரித்துத் தனித்தனி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற இந்த ரிசீவரையே வாங்கினேன்? ரொம்ப மலிவும் வேண்டாம், கையைக் கடிக்கவும் வேண்டாம் என்று நடுவாகப் பார்த்து எடுத்தது. ஐந்து ஸ்பீக்கர், மூலையில் கனத்த சத்தத்துக்கென்று ஒரு பெரிய சப்வூஃபர். இடி நன்றாக இடிக்கிறது. அம்மா மகளிடம் என்ன சொல்லி அழுதாள் என்றுதான் தெரியவில்லை.

"என்ன சொன்னா?" என்று இவரைக் கேட்டேன். சொன்னார். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். அடுத்த தடவை, "நான் படம் பாக்கறதா, உனக்குப் படிச்சுச் சொல்றதா?" என்று எழுந்து படுக்கப் போய்விட்டார். விடியுமுன் பேக்கரி அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டிய மனுஷன், அவரையும் குறை சொல்ல முடியாது.

கடையின் இணையதளத்தில் வாங்கினவர்கள் எழுதின கருத்துகளை உட்கார்ந்து படித்தேன். நட்சத்திரத்தை அள்ளி இறைத்திருக்கிறார்கள். "பேச்சு கண்ணாடி மாதிரி" என்கிறார் ஒருவர். எந்தக் கண்ணாடி? வெந்நீர் பிடித்த குளியலறைக் கண்ணாடியா?

மார்ச் 7, வெள்ளி

பேச்சு வருகிற நடு ஸ்பீக்கரின் அளவை இன்னும் கூட்டினேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பேச்சு தெளியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வந்திருக்கிறது. நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஊளை மாதிரி ஒரு சத்தம் விட்டு அறையை அளந்து தானே சரி செய்துகொள்ளுமாம். அதுவரை யாரும் மூச்சுவிடக் கூடாது. இவரைச் சமையலறையில் நிறுத்தி வைத்தேன். பாதியில் தும்மினார். திரும்ப முதலிலிருந்து. அடுத்ததில் அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "இதுக்கு என்னை எங்கயாவது வெளியூர் அனுப்பிட்டு அளந்துக்கோ" என்றார். இருவரும் சிரித்தோம், ரொம்ப நாளைக்குப் பிறகு.

அளந்து முடித்துப் படம் போட்டேன். அதே துணி. அதே வாய்.

சாயங்காலம் முழுக்கக் கருத்துகள். புகழ்ந்தவர்களை விட்டுவிட்டேன், திட்டினவர்களை மட்டும் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒருவர் வீட்டில் மேல்மூடி சூடாகி, பூனை அதன் மேல்தான் படுக்கிறதாம். ஒருவருக்கு ரிமோட் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. ஒருவர், "சத்தம் தாங்காமல் மாமியார் மூட்டை கட்டிவிட்டார், ஐந்து நட்சத்திரம்" என்று எழுதியிருக்கிறார். பேச்சு சரியில்லை என்றவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களைப் பார்த்ததும் சொந்தபந்தத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நாங்கள் இத்தனை பேரும் பொய்யா சொல்வோம்?

மார்ச் 12, புதன்

நானும் எழுதிவிட்டேன். ஒற்றை நட்சத்திரம்.

"மற்ற சத்தமெல்லாம் சரி. பேச்சு மட்டும் தெளிவில்லை. மனிதர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக ஆம்புலன்ஸுக்கு வரும் போன்களை எடுக்கிறேன். அழுகிறவர், கத்துகிறவர், மூச்சு வாங்குகிறவர் யார் பேசினாலும் எனக்குப் புரியும். இந்தப் பொட்டி பேசுவது புரியவில்லை என்றால் கோளாறு பொட்டியில்தான்."

அனுப்பின பிறகு ஒரு நிம்மதி.

மார்ச் 14, வெள்ளி

கன்ட்ரோல் ரூமில் இன்னொரு ஹெட்செட் கேட்டு வாங்கினேன். போன மாதம் மாற்றினதும் சரியில்லை. பக்கத்து மேசைக்காரி (ஓயாமல் பேசுவதால் எல்லாருக்கும் அவள் ரேடியோ) "அக்கா, ஹெட்செட் நல்லாத்தான் இருக்கு, உங்க தலைதான் அதுக்குச் சேரல" என்றாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இப்போதெல்லாம் யாரிடம்தான் நான் "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்காமல் இருக்கிறேன்? லைன் சரியில்லை. எல்லா லைனுமேவா?

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கருத்துக்குக் கீழே ஒரு பதில். 'மொட்டைமாடி' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர்.

"நானும் இதே ரிசீவரைக் கடைக்குத் திருப்பி அனுப்பிச் சண்டை போட்டவன்தான். கடைசியில் பார்த்தால் கோளாறு என் காதில். கோவிச்சுக்காதீங்க, ஒரு தடவை காதைக் காட்டிடுங்க."

கோவிச்சுக்காதீங்களாம்! யாருய்யா நீ? என்னைத் தெரியுமா உனக்கு? காதை வச்சுச் சோறு சாப்பிடறவகிட்ட வந்து —

பதில் போடவில்லை. போட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது.

மார்ச் 15, சனி

கடைக்கே போய்விட்டோம். அங்கே ஒரு தனி அறையில் இதே ரிசீவரை மாட்டி வைத்திருக்கிறார்கள். மெத்தை ஒட்டின சுவர், பெரிய திரை. கடைக்காரர் பொறுமைசாலி. இரண்டு பேர் தணிந்த குரலில் பேசுகிற காட்சி ஒன்றைப் போட்டார்.

"பாருங்க மேடம், அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது."

தலையாட்டினேன். மூச்சும் கேட்கவில்லை, பேச்சும் பிடிபடவில்லை. ஏன் தலையாட்டினேன்? திரும்பினால் இவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில், "பொட்டியை விடும்மா. உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு என்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

இந்தக் கடைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான், விற்ற பொருளை எவன் குறை சொல்வான்?

மார்ச் 19, புதன்

வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் ஒரு போன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. வெட்டும் மெஷினில் ஒருவர் கை மாட்டிக்கொண்டது, ரத்தம் நிற்கவில்லை. பேசினவன் கத்துகிறான். அவனுக்குப் பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம். முன்னாடி கேட்டுக்கு வாங்க, முன்னாடி என்று இரண்டு தடவை சொன்னான். எழுதினேன். வண்டியைக் கிளப்பினேன். "முன் கேட்ல ஒரு ஆளை நிறுத்துங்க" என்று நான் சொல்கிறபோது அந்தப் பக்கம் ஆளில்லை. போனைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

வண்டி போய்ச் சேர்ந்தது. முன் கேட் பூட்டியிருந்தது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். ஆட்களோ அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு பின் கேட்டில் நிற்கிறார்கள். ஊர் நீளத்துக்கு மதில். அதைச் சுற்றிக்கொண்டு வண்டி வருவதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

உயிர் இருக்கிறது. தீவிர சிகிச்சையில்.

முன்னாடி என்றுதான் சொன்னான். இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சூப்பர்வைசர் விசாரித்தார். "அக்கா முன் கேட்னாங்க, போனேன்" என்றார் டிரைவர். "அவர் முன்னாடின்னார், அனுப்பினேன்" என்றேன் நான். அழைத்தவர் பதற்றத்தில் கேட்டை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று எழுதிக்கொண்டார். "நடக்கறதுதாம்மா" என்றார். தொழிற்சாலைக்கும் அப்படியே சொல்லியாயிற்று.

வெளியே வந்ததும் டிரைவர், "விடுங்கக்கா, நம்ம மேல தப்பில்ல" என்று தட்டிக்கொடுக்கிற மாதிரி சொன்னார்.

தப்பில்லை. அப்புறம் ஏன் அந்தக் குரலையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்?

மார்ச் 22, சனி

ரேடியோவுக்கு எங்கிருந்துதான் செய்தி வருமோ. போன் செய்தவன் அடிபட்டவருக்கு மச்சானாம். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை.

"தப்பான கேட்டைச் சொல்லிட்டான்னு கூடப் பொறந்த அக்காவே மூஞ்சி குடுத்துப் பேசறதில்லையாம். உள்ள விடாம, ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருக்கானாம். பாவம்க்கா, நான் பின்னாடின்னுதான் சொன்னேன், பின்னாடின்னுதான் சொன்னேன்னு போறவங்க வரவங்ககிட்டல்லாம் சொல்றானாம்."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். பின்னாடி. முன்னாடி. வாய்க்குள்ளேயே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டையும் போய் யாராவது குழப்பிக்கொள்வார்களா?

பதிவைக் கேட்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். "எதுக்கும்மா, முடிஞ்சதை?" என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது சரி என்று என் காதால் கேட்டால்தான் தூக்கம் வரும்.

மார்ச் 24, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சூப்பர்வைசர் அறையில் அவர், நான், டிரைவர், ரேடியோ. பதிவைப் போட்டார். மெஷின் சத்தம். அவன் குரல். முன்னாடி கேட்டுக்கு வாங்க, முன்னாடி.

அப்பாடா என்றிருந்தது. "பாத்தீங்களா?" என்றேன்.

டிரைவர் தரையைப் பார்த்தார். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போடுங்க சார்."

போட்டார். முன்னாடி.

"உங்களுக்கெல்லாம் என்ன கேக்குது?"

ரேடியோ என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராக வந்தாள். "பின்னாடிக்கா. ரெண்டு தடவையும் பின்னாடின்னுதான் சொல்றான். தெளிவா இருக்குக்கா."

மறுபடி போடச் சொன்னேன். மறுபடி. அறையில் இருக்கிற எல்லாருக்கும் பின்னாடி, எனக்கு மட்டும் முன்னாடி. தெரிந்த பிறகும், கண்ணை மூடிக்கொண்டு பின்னாடி பின்னாடி என்று நினைத்துக்கொண்டே கேட்டாலும் முன்னாடி.

மற்றவர்கள் போன பிறகு சூப்பர்வைசர் மெதுவாக ஏதோ சொன்னார். மெதுவாகச் சொன்னதால் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. "பின்னால மெஷின் ஓடுது. அழைத்தவர் பேச்சு தெளிவில்லைன்னு எழுதிடறேன். உங்க மேலயும் வராது, டிரைவர் மேலயும் வராது. நீங்க கொஞ்ச நாள் லீவு போடுங்க."

பேச்சு தெளிவில்லை. அந்த ரிசீவருக்கு நான் எழுதின அதே வார்த்தை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் யோசித்தேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் யோசித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

இதற்கு முன்னால் எத்தனை கேட், எத்தனை தெரு?

மார்ச் 27, வியாழன்

காதுச் சோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள் சோதிக்கிற பெண். ஆரம்பத்தில் கேட்டது, அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. மெஷினைப் போட மறந்துவிட்டாளோ என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் குமிழைத் திருகிக்கொண்டேதான் இருந்தாள், என் முகத்தைப் பார்த்தபடி. அறை அவ்வளவு அமைதி.

"இடி, மோட்டார் மாதிரி கீழ் சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாவே கேக்குதும்மா. விசில், குருவி மாதிரி மேல் சத்தம்தான் ரெண்டு காதுலயும் போயிருக்கு. குரல் வரும், ஆனா எழுத்தைப் பிரிச்சுக் காட்டறது மேல் சத்தம்தான்."

பின்னாடி, முன்னாடி பற்றிக் கேட்டேன்.

"'பி'க்கும் 'மு'க்கும் உதடு மூடறது ஒண்ணுதான், மெஷின் இரைச்சல்ல அந்த வித்தியாசம் முங்கிடும். 'இ'யும் 'உ'வும் கீழ் சத்தத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான். மேலதான் வேற. உங்களுக்கு அந்த மேல் பாதி வரல."

கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் போயிருக்குமாம். வயதாலும் இருக்கலாம், ஹெட்செட்டாலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாதாம். போனது வராது. காது மிஷின் உதவுமாம்.

வீட்டுக்கு வந்து இவரை உட்கார வைத்துக் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு வருஷமா."

"ஏங்க சொல்லல?"

"சொன்னேன்மா. உனக்குக் கேக்கல."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வெடித்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "காதுன்னா உனக்கு வேலை. அந்தப் பேச்சை எடுத்தாலே சீறுவ. பொட்டி வாங்கறேன்னதும், சரி, அதுலயாவது நீயே கண்டுபிடிச்சுக்குவேன்னு பாத்தேன். நீ பொட்டிகூடச் சண்டைக்குப் போயிட்ட" என்றார்.

எனக்கு வந்த கோபம் அவர் மேல்தான் என்று கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த மச்சானின் நினைப்பு வந்துவிட்டது. அவன் இப்போதும் அந்த வாசலில்தான் இருப்பான்.

மார்ச் 28, வெள்ளி

சோதனைத் தாளை சூப்பர்வைசர் மேசையில் வைத்தேன். "அவர் சரியாத்தான் சொன்னார், எனக்குத்தான் கேக்கல. அப்படியே எழுதுங்க சார்."

"அவசரப்படாதீங்கம்மா. எழுதிட்டா அப்புறம் நீங்க போன்ல உக்கார முடியாது."

"உக்காரக் கூடாது சார்."

நன்றாகத்தான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. மேசையைக் காலி செய்யும்போது பக்கத்தில் போன் மணி அடித்தது, பழக்கத்தில் கை தானாக நீண்டது. அப்போதுதான் உடைந்துபோனேன். ரேடியோ போனை எடுத்துப் பேசிக்கொண்டே இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவர் துணைக்கு வந்தார், ஆனால் "பேச வேண்டியது நீதான்" என்று பைக் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டார்.

வாசல் மதிலில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம், தொழிற்சாலைச் சட்டை. கேட்காமலே அவன்தான் என்று தெரிந்தது.

"அன்னைக்கு உங்க போனை எடுத்தது நான்தான்."

சட்டென்று எழுந்தான். "நான் பின்னாடின்னுதாங்க சொன்னேன்."

"ஆமா. ரெண்டு தடவ சொன்னீங்க. பதிவுல இருக்கு. எனக்குக் காது கேக்கல. அது எனக்கே தெரியாம இருந்திருக்கு."

அடிப்பான், கத்துவான், எதற்கும் தயாராகத்தான் போனேன். அவன் என் வாயையே பார்த்தான்.

"அப்போ நான் சரியாத்தான் சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க."

அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டான். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்திருச்சுங்க. வாய் குழறிட்டேனோன்னு..." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் அக்காவிடமும் சொன்னேன். மாடி நடையில், கையில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாக, படிக்கட்டருகில் தயங்கி நின்ற தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டியாடா?" என்றாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் பிளாஸ்க்கை அவன் கையில் கொடுத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு விரல் மெஷினால போச்சு. மத்தபடி அவர் பட்ட பாடு உங்களால. நீங்க போங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவள் வார்டுக்குள் போய்விட்டாள். மன்னிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

காது மிஷின் மாட்டி ஒரு வாரம். உலகம் இவ்வளவு இரைச்சலா! பேப்பரைப் புரட்டினால் கூரை பெயர்கிற மாதிரி இருக்கிறது. என் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. செருப்புக்குக்கூட ஒரு சத்தம் உண்டு என்பது மறந்தே போயிருக்கிறது. நேற்று எரிச்சலில் கழற்றி அலமாரியில் வைத்தேன். இவர் எடுத்து வந்து காபி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ரிசீவருக்கு எழுதின கருத்தை எடுத்துவிட்டேன். மொட்டைமாடிக்கு மட்டும் பதில் போட்டேன்: "காட்டினேன். நீங்கள் சொன்னதுதான். கோபித்துக்கொண்டேன், மன்னிக்கவும்." கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து: "பரவாயில்லைங்க. முதல் மாசம் பாத்திரம் கழுவற சத்தம் கொல்லும். பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்குங்க." பெயர் தெரியாத அந்த மனுஷருக்கு ஒரு கும்பிடு.

வேலை போகவில்லை. வண்டிகளின் பராமரிப்பைப் பார்க்கிறேன், டயர், ஆக்சிஜன் சிலிண்டர், பிரேக். போன் கிடையாது. கன்ட்ரோல் ரூமைக் கடக்கும்போது மட்டும் நடையை எட்டிப் போடுகிறேன். அங்கே உட்காருகிற எல்லாருக்கும் காதைச் சோதிக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை திரும்பவும் கேட்பேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒருவழியாக இன்று காதுச் சோதனை வண்டி வந்தது. வளாகத்திலேயே நிறுத்தி, போன் எடுக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கிண்டலுக்குக் குறைவில்லை. "எனக்கு வீட்ல மட்டும்தான் காது கேக்காது" என்றான் ஒருவன். சூப்பர்வைசர் முதல் ஆளாகப் போய்விட்டு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாளைக் காட்டிச் சிரித்தார்.

ரேடியோ உள்ளே போகும்போதும் பேசிக்கொண்டுதான் போனாள். வெளியே வந்தவள் பேசவில்லை. நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னடி?"

"வலது காது. லேசாத்தான் ஆரம்பிச்சிருக்காம்." பையை இழுத்து மூடிவிட்டு, "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. பிள்ளைங்க படிக்குதுங்க. நான் ஜாக்கிரதையா இருந்துக்கறேன். ஹெட்செட்டை இடது காதுல மாட்டிக்கறேன்" என்றாள்.

அவளுக்கு என்ன சொல்வது? பயப்படாதே என்றா? பயப்பட வேண்டியதுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில்லென்று இருந்தது. மேலே கன்ட்ரோல் ரூமில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரோ எடுத்தார்கள்.

"எந்திரி, வா" என்றேன்.

"எங்கக்கா?"

"சார்கிட்ட. நானும் வரேன்."

வர மாட்டேன் என்றாள். அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் இரண்டு தடவை நின்றாள், நானும் நின்றேன். சூப்பர்வைசர் அறைக் கதவை நான் தட்டினேன். உள்ளே போனதும் நான் வாயைத் திறக்கவில்லை, அவளே சொன்னாள்.